டிராகனை அவுத்து உட்டுட்டு ராக்கெட்டு ஏறப் போறியாமா?

வா அப்புனு, உக்காரு. உன்ற தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. இனிமேப்பட்டு மந்திரவாதி, மாயக்கத்தி, பேசற பருந்து ஒண்ணும் எழுத மாட்டியாமா. அதெல்லாம் பொடுசுக படிக்கறதாமா. அடுத்தது பெரியவங்களுக்கான விஞ்ஞானக் கதையாமா, விண்வெளியாமா, தலைக்கு வெச்சுப் படுக்கற மொத்தத்துக்கு ஒரே பொஸ்தகமாமா. ரொம்பச் சந்தோசம். அப்புச்சி தடுப்பேன்னு பாத்தியா? தடுக்க மாட்டேன். தடுத்தா நீ இன்னும் நூறு பக்கம் சேத்தி எழுதுவே, எனக்குத் தெரியாதா உன்னை.

ஆனா ஒண்ணு. ஒரு காரியத்துல எறங்கறதுக்கு முன்னாடி, அதே காரியத்துல எறங்குனவன் எப்பிடி முழிச்சான், எப்பிடிக் கரையேறுனான்னு சித்த விசாரிச்சுக்கோணும். அதுக்குன்னே ஒரு பையன் இருக்கறான், கிறிஸ்டோபர் பவுலினி. 1983ல பொறந்தவன், நாப்பது தாண்டியாச்சு, எனக்குப் பையன்தான். அமெரிக்காவுல மொண்டானா மாகாணத்துல பாரடைஸ் வேலின்னு ஒரு மலையடிவாரம், அங்க வளந்தவன். டிராகன் கதையா எழுதிக் கோடிக்கணக்குல வித்துப்போட்டு, 2020 செப்டம்பர்ல பெரியவங்களுக்குன்னு மொதோ விஞ்ஞானக் கதை போட்டான். 'டு ஸ்லீப் இன் எ சீ ஆஃப் ஸ்டார்ஸ்'னு பேரு. 880 பக்கம்.

அத்தனை பக்கத்தை இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நான் படிக்கலே சாமி. உன்ற தங்கச்சி செல்போன்ல போட்டுக் காதுல மாட்டி உட்டா. ஜெனிஃபர் ஹேல்னு ஒரு அம்மிணி 32 மணி நேரத்துக்கு மேல படிக்குது. 'மாஸ் எஃபெக்ட்'னு விண்வெளி விளையாட்டு ஒண்ணு இருக்குதாமா, அதுல கமாண்டர் ஷெப்பர்டுக்குப் பொம்பளைக் குரல் குடுத்ததும் இதே அம்மிணிதான். விண்வெளிக் கதைக்கு ஆளுப் பொறுக்குறதுல கெட்டிக்காரனுக. ஊரு இங்கிலீசு வாத்தியாரா இருந்து ஓய்வானவனுக்கு இது ஒரு யோகம். தோட்டத்துல தண்ணி மடை மாத்திக்கிட்டே ஒரு கிரகத்துல இருந்து இன்னொரு கிரகத்துக்குப் போயிட்டு வந்தேன். ரெண்டு தடவை மடை உடைஞ்சு போச்சு. அது கதையோட குத்தமில்லை.

செரி, நீ பவுலினியாட்ட வரோணும்னா மொதல்ல என்ன செய்யோணும் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கக் கூடாது. அவனுக்கு ஆயி அப்பன் ஊட்டுலயே பாடம் சொல்லிக் குடுத்தாங்க. 15 வயசுலயே பள்ளிப் படிப்பு முடிஞ்சு போச்சு, கையில நேரம் கெடந்துச்சு, 'எரகான்' எழுத உக்காந்துட்டான். நீ எம்.காம். வரைக்கும் படிச்சுப்போட்டே, அங்கயே பிசகிப் போச்சு. ரெண்டாவது, எழுதுனதை அச்சடிச்சு விக்கற தகப்பன் வேணும். அவன் ஊட்டுலயே சின்னதா ஒரு பதிப்பகம் நடத்தி 2002ல அவிகளே பொஸ்தகத்தை எறக்குனாங்க. உங்கொப்பன் உன்ற பொஸ்தகம் வெளியீட்டுக்கே காது குத்துக் கல்யாணம்னு சொல்லித்தான் லீவு போட்டான்.

மூணாவதுதான் முக்கியம். வெக்கத்தை அவுத்து ஆணியில மாட்டிப்போட்டுப் போகோணும். இந்தப் பையன் செவப்புச் சட்டை, தொளதொளன்னு கறுப்புக் காச்சட்டை, கவுறு கட்டுன பூட்ஸு, தலையில ஒரு தொப்பின்னு பழங்காலத்து ராஜா வீட்டு வேசங்கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம், நூலகம்னு நூத்துக்கு மேல எடத்துக்குப் போயிப் பேசியிருக்கறான். மேசை போட்டு உக்காந்து வித்திருக்கறான். அப்பறம்தான் அதிர்ஷ்டம் வந்துச்சு. கார்ல் ஹையாசன்னு புளோரிடாக்கார எழுத்தாளர் குடும்பத்தோட மொண்டானாவுக்கு வந்தாரு. அவரு சம்சாரத்தோட மகன் இந்தப் பொஸ்தகத்தை வாங்கிப் படிச்சுட்டு, பிரமாதம்னு சொல்லியிருக்கறான். அவரு தன்ற பதிப்பகமான க்னாஃப்ல சொன்னாரு. 2003ல எரகான் நாடு பூரா எறங்கிருச்சு. ஊர் ஊரா வேசங்கட்டிப் போகாம இருந்திருந்தா அந்தப் பையன் கைக்கு அந்தப் பொஸ்தகம் எப்பிடிப் போயிருக்கும்? நீ நூலகத்துல பேசக் கூப்பிட்டதுக்கு மைக்கு சரியில்லைன்னு திரும்பி வந்தவன்.

அப்பறம் 'எல்டெஸ்ட்' 2005, 'பிரிசிங்கர்' 2008, 'இன்ஹெரிட்டன்ஸ்' 2011. நடுவால 2006ல சினிமா எடுத்தாங்க. அதைப் பத்திப் பேச வேண்டாம், பொஸ்தகம் படிச்ச பசங்க இன்னும் அழுதுக்கிட்டு இருக்கறாங்க.

இதுல நீ கவனிக்க வேண்டிய கூத்து ஒண்ணு இருக்குது. எரகான் வந்தப்பவே வெவரம் தெரிஞ்சவங்க கேலி பண்ணுனாங்க: பண்ணையத்துல வளர்ற அனாதைப் பையன், மாமன் சாகறான், ஊடு எரியுது, பழைய வீரர் கூட்டத்துல மிச்சமா நின்ன ஒரு கெழவன் வாள் சொல்லித் தர்றான், செறையில ஒரு ராஜகுமாரி, இதெல்லாம் 'ஸ்டார் வார்ஸ்'தானே, விண்கப்பலை எறக்கி உட்டுட்டு டிராகனை ஏத்திப்போட்டான்னு. அப்பப் பாத்துக்கோ. விண்வெளிக் கதையை டிராகன் மேல ஏத்துனான்னு பேரு வாங்குனவன், இருவது வருசத்துக்குக் கிட்டச் சுத்திக்கிட்டு நெசமாவே விண்வெளிக்குப் போயிச் சேந்துட்டான். அதனாலதான் சொல்றேன், நீ பருந்தை உட்டுட்டு ராக்கெட்டுல ஏறிட்டா வேற எழுத்தாளனா ஆயிருவேன்னு நெனைக்காதே. ராக்கெட்டு கதவைத் தெறந்தா உள்ளார பருந்து உக்காந்திருக்கும்.

நம்பலையா? கேளு. எரகான்ல பதினஞ்சு வயசுப் பையன் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போறான். ஒண்ணும் சிக்கலே. நீலமா ஒரு கல்லு கெடைக்குது. கறிக்கடைக்காரன் கிட்டக் குடுத்துக் கறி வாங்கலாம்னு பாத்தா அவன் வேண்டாங்கறான். கல்லு வெடிச்சு டிராகன் குட்டி வருது, இவன் அதைத் தொடறான், அப்பறம் ரெண்டும் பிரிக்க முடியாது. இப்ப விண்வெளிக் கதைக்கு வா. கீரா நவாரெஸ், வேத்துக் கிரகத்து உயிருகளை ஆராய்ச்சி பண்றவ. அட்ராஸ்டியாங்கற நெலாவுல கம்பெனிக்காகச் சோதனை போட்டு முடிச்சாச்சு, மூட்டை கட்டற நேரம். கூட வேலை பாக்கற ஆலன் கல்யாணத்துக்குக் கேட்டு அவளும் சரீன்னு சொல்லியாச்சு. கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பாக்கியிருக்குதுன்னு போறா, பழங்காலத்து வேத்துக் கிரகத்துக் குழிக்குள்ள உழுகறா, தூசியாட்டம் ஒண்ணு மேல ஏறுது. கறுப்புச் சட்டையா மேலு பூரா ஒட்டிக்கிடுது. சாஃப்ட் பிளேடுன்னு பேரு. கழட்ட முடியாது. தேடிப் போனது ஒண்ணு, கெடைச்சது ஒண்ணு, கெடைச்சது உடாது. அதே கதைதான். முடிவுல எரகான் கப்பலேறி ஊரை உட்டுப் போறான், கீராவும் கப்பலேறி ஒண்டியா போறா. அட, முடிவைச் சொல்லிப்போட்டேன்னு மொறைக்காதே. 880 பக்கத்துல நீ அங்க போயிச் சேரறப்ப நான் சொன்னது உனக்கு மறந்திருக்கும்.

அப்பறம் எதுக்குப் பெரியவங்க கதைன்னு பேரு? நீ நெனைச்சுக்கிட்டு இருப்பே, கெட்ட வார்த்தை வரும், கட்டில் வரும், ரத்தம் வரும், அதனாலன்னு. அதெல்லாமும் வருது. ஆனா அதை எழுத உனக்கு நான் யோசனை சொல்லோணுமா, உன்ற மந்திரவாதிக் கதை ரெண்டாம் பாகத்தை நானும்தான் படிச்சேன்.

வெவகாரம் வேற எடத்துல இருக்குது. எரகானோட மாமனைக் கொன்னது ஆரு? ராஜா அனுப்புன கூலியாளுக. கெட்டவன் வெளிய இருக்கறான், பையன் கத்தியை எடுத்துக்கிட்டுப் பொறப்பட்டுட்டான், மனசுக்குள்ள ஒரு சிக்கலும் இல்லை. கீராவோட ஆலனைக் கொன்னது ஆரு? அவ மேலு மேல ஒட்டியிருந்த அந்தச் சட்டைதான். அவ பயந்த நேரத்துல அது முள்ளா வெடிச்சுக் கூட இருந்தவங்களைக் குத்திப்போடுது. தாலி கட்ட இருந்தவனைத் தன்ற தோலே கொன்னுபோட்டா, கத்தியை எடுத்துக்கிட்டு ஆரைத் தேடிப் போறது? அவ அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டேதான் சோறு உண்கோணும், தூங்கோணும், சண்டை போடோணும். கதை அதோட உடலே. ஒரு கப்பல்ல அவளை அடைச்சு வெச்சுச் சோதனை பண்றாங்க, கார்னு ஒரு டாக்டரு. வேத்துக் கிரகத்துக்காரங்க, ஜெல்லின்னு பேரு வெச்சிருக்கறாங்க, வந்து தாக்கறாங்க. அந்தக் கலவரத்துல கப்பல் வெடிக்கறப்ப சட்டைத் துண்டு ஒண்ணு பிஞ்சு போயிருது. அந்தத் துண்டு செத்துப் போன டாக்டரையும் ஒரு ஜெல்லியையும் சேத்துத் தப்புந்தவறுமா ஒட்டி ஒரு ராட்சசனா வளருது. மாவ்னு பேரு. மனுசங்களையும் ஜெல்லிகளையும் ஒண்ணா அழிக்க வர்ற படை அதுல இருந்துதான் கெளம்புது. கதையில பாதி தாண்டித்தான் அவளுக்குத் தெரியுது, இந்தப் பூதம் தன்ற ஒடம்புல இருந்து பிஞ்சு போனதுன்னு. அந்த எடத்துல நான் மம்புட்டியைக் கீழ வெச்சுட்டு நின்னு கேட்டேன்.

அதுதான் அப்புனு பெரியவங்க கதை. எதிரியோட ஊட்டு முகவரி தேடிப் போனா, அது நம்ம ஊடாவே இருக்குது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே அவனுக்கு 880ல ஒரு அறுநூறைக் குடுத்துருவேன். மிச்சத்தைப் பத்திப் பின்னால பேசறேன்.

இப்ப விஞ்ஞானத்துக்கு வா. உன்ற கப்பல் ஒளியை உட வேகமாப் போகுதாமா. எப்பிடின்னு தங்கச்சி கேட்டதுக்கு, "அது அப்பிடித்தான்"னு சொன்னியாமா. கண்ணு, இந்தப் பையன் அதுக்கே வருசக்கணக்காப் படிச்சிருக்கறான். கிரெகரி மெஹோலிக்னு ஒரு விண்வெளிப் பொறியாளரு, ஒளியை உட மெதுவா, ஒளியோட, ஒளியை உட வேகமான்னு மூணு தளமா உலகத்தைப் பிரிச்சு ஒரு கோட்பாடு எழுதியிருந்தாரு. அதைத் தேடிப் பிடிச்சு, கதைக்குத் தக்கனை வளைச்சு, பொஸ்தகத்துக்குப் பின்னால பாடமாவே சேத்தி வெச்சிருக்கறான். அது நெசமா நடக்குமான்னு கேட்டா நடக்காதுன்னுதான் பௌதிகக்காரங்க சொல்வாங்க. ஆனா பொய்யைச் சொன்னாலும் கணக்கோட சொல்றான் பாரு.

அந்தக் கணக்குல ஒண்ணு எனக்கு ரொம்பப் புடிச்சுது. சூடு. விண்வெளின்னா நீ குளுருன்னுதானே எழுதியிருக்கறே? அங்க கப்பலுக்குத் தொல்லையே சூடுதான். சுடுதண்ணி பிளாஸ்க்குல நடுச்சுவத்துல காத்தை உறிஞ்சிப்போட்டதனாலதான் காலையில ஊத்துன காப்பி மத்தியானமும் சுடுது. விண்வெளிக் கப்பல் அந்தப் பிளாஸ்க்குக்குள்ள இருக்கற காப்பி. எஞ்சின் சூடு, மிசின் சூடு, ஆளுக மேலுச் சூடு, எல்லாம் உள்ளாரயே நிக்கும். காத்து இல்லாததனால கதிர்வீச்சா மட்டும்தான் வெளிய போக முடியும். நெசமா மேல சுத்திக்கிட்டு இருக்கற சர்வதேச விண்வெளி நெலையத்துலயே வெள்ளை வெள்ளையா நீட்டிக்கிட்டு இருக்குதே பலகைக, அதுக்குள்ள அமோனியாவை ஓட்டிச் சூட்டை வெளிய தள்ளறாங்க. பவுலினி இதைப் புடிச்சுக்கிட்டான். அவன் கதையில ஒளியை உட வேகமாப் போற கப்பல், ஒரு குமிழிக்குள்ள மூடிக்கிட்டுப் போகுது. குமிழியில இருந்து சூடு வெளிய போகாது. அதனால எல்லாத்தையும் அணைச்சுப்போட்டு, ஆளுகளைப் பனிப்பெட்டிக்குள்ள ஒறைய வெச்சுட்டுத்தான் போகோணும். வழியில நிறுத்தி நிறுத்திச் சூட்டை எறக்கிப்போட்டுப் போகோணும்.

செரி, இது பாடம். கதை எங்க வருது? கீரா பனிப்பெட்டியில படுத்தா அந்தச் சட்டை ஒறைய உடாது. ஊரே ஒறைஞ்சு கெடக்கற இருட்டுக் கப்பல்ல அவ ஒருத்தி மட்டும் முழிச்சுக்கிட்டு, வாரக்கணக்கா, இருக்கற சோத்தை எண்ணி எண்ணித் தின்னுக்கிட்டு, ஆலனை நெனைச்சுக்கிட்டுக் கெடக்கோணும். சூட்டுக் கணக்குல இருந்து ஒரு துக்கத்தைக் கறந்து எடுத்துப்போட்டான் பாரு, அதுக்குத்தான் அவனுக்கு ஒரு கும்புடு. "அது அப்பிடித்தான்"னு போயிருந்தா இந்த இருட்டு வந்திருக்குமா?

இந்த வித்தையை அவன் விண்வெளிக்கு வந்து கத்துக்கலே. டிராகன் கதையிலயே மந்திரத்துக்குக் கணக்கு வெச்சவன். கையால தூக்குனா எத்தனை பலம் ஆகுமோ, மந்திரத்தால தூக்குனாலும் அத்தனை பலம் ஒடம்புல இருந்து போயிரும், அளவு தெரியாம ஏவுனா ஏவுனவன் உசுரு போகும். பழைய தொழில்ல இருந்து அவன் மூட்டை கட்டிக் கொண்டு போனதுலயே உருப்படியானது டிராகனில்லை, இந்தக் கணக்கு நோட்டுதான். உன்ற மந்திரவாதி ஒரு மலையைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டு வேர்வை கூடத் தொடைக்காம வெத்தலை போட்டான். அவனை விண்வெளிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி விஞ்ஞானின்னு பேரு வெச்சா என்னத்தைப் பண்ணுவான்? கிரகத்தைத் தூக்கி வெச்சுட்டு வெத்தலை போடுவான்.

நட்சத்திரத்தையும் அவன் ஒழுங்கா எடுத்திருக்கறான். அட்ராஸ்டியா இருக்கறது சிக்மா டிராகோனிஸ் பக்கத்துல. அப்பறம் கதை 61 சிக்னிக்குப் போகுது. ரெண்டும் வானத்துல நெசமாவே இருக்கற நட்சத்திரங்க. இந்த 61 சிக்னி நமக்கு 11 ஒளியாண்டுக்குச் சித்த மேல. 1838ல பெசல்ங்கற ஜெர்மன்காரரு நட்சத்திரம் எத்தனை தூரம்னு மொதோ மொதோ சரியா அளந்து சொன்னதே இந்த நட்சத்திரத்தைத்தான். அளந்த தெருவுல கதையை நடத்தறான். நீ "சொர்ணபுரி நட்சத்திர மண்டலம்"னு போட்டிருக்கறியாமா. வீட்டுமனை விக்கறவன் வெக்கற பேரு அது.

சரி, பக்கத்துக்கு வருவோம். அறுநூறு குடுத்தேன்ல, மிச்சம் 280 இருக்குது. சண்டை, சாமி, சண்டை. ஒரு கப்பல்ல ஏறறாங்க, சுடறாங்க, எறங்கறாங்க, காயத்துக்கு மருந்து போடறாங்க, இன்னொரு கப்பல்ல ஏறறாங்க. ஒரு மத்தியானம் ஜெல்லிக கூடச் சண்டை நடக்கறப்பக் கண்ணு சொக்கித் தூங்கிட்டேன். எந்திரிச்சுக் கேட்டா அதே சண்டை. உன்ற தங்கச்சி, "அப்புச்சி, இது அடுத்த சண்டை"ங்கறா. எனக்கு வித்தியாசம் தெரியலே, துப்பாக்கிக்காரனுக்காவது தெரிஞ்சுதான்னு தெரியலே. 'வால்ஃபிஷ்'ங்கற கப்பல்ல ஃபால்கோனின்னு ஒரு கேப்டன், அவனும் அவன் ஆளுகளும் வந்தப்பறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. கப்பல் மூளையா கிரெகரோவிச்னு ஒருத்தன், ஒரு காலத்துல மனுசனா இருந்தவன், கொஞ்சம் கழண்ட கேசு, அவன் பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். பாதிப் பொஸ்தகத்தை அவன் கிட்டக் குடுத்திருக்கலாம்.

அந்தக் கப்பல்ல ஒரு பன்னி இருக்குது தெரியுமா? ரன்சிபிள்னு பேரு. ஒரு பூனையும் இருக்குது. உலகம் அழியற கதையில பன்னி எதுக்குன்னு படிச்சவங்க கேக்கலாம். பண்ணையத்துக்காரன் கேக்க மாட்டான். நாலு மனுசன் ஒண்ணாக் குடியிருக்கற எடத்துல ஒரு சீவன் குறுக்கால நடக்காட்டி அது ஊடே இல்லை. 880 பக்கத்துல எனக்குப் பயம் வந்தப்பவெல்லாம், பன்னிக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான் கேட்டேன். உன்ற நாலு பாகத்துல ஒரு கோழி கூட இல்லை.

இப்பத்தான் உனக்குப் பிடிக்காத எடத்துக்கு வர்றேன். 2011ல கடைசி டிராகன் பொஸ்தகம், 2020ல இது. நடுவால 2018 கடைசியில சின்னதா ஒரு டிராகன் கதைத் தொகுப்பு போட்டான், அவ்வளவுதான். அந்த ஒம்போது வருசம் என்ன பண்ணுனான்? இந்தக் கதையை மொதோ தடவை முழுசா எழுதி முடிச்சு ஊட்டுல குடுத்தான். படிச்சவங்க ஒடைச்சுச் சொல்லிப்போட்டாங்க, இது நிக்கலேன்னு. தங்கச்சி ஏஞ்சலா உட்பட. உலகம் பூரா கொண்டாடுன எழுத்தாளன், கின்னஸ் பொஸ்தகத்துல பேரு போட்டவன், அவன் கிட்டத் தங்கச்சி வந்து, அண்ணா இது சரியில்லைங்கறா. நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே? "உனக்கென்ன தெரியும்"னு சொல்லியிருப்பே. சொல்லியும் இருக்கறே, போன வாரம், ஆசாரத்துல, நான் தூங்கறேன்னு நெனைச்சு.

அவன் பேனாவை எடுத்துக் கையாலயே பக்கம் பக்கமாக் குறிப்பு எழுதுனான். ஆரு எதுக்கு என்ன பண்றா, ஏன் பண்றா, பண்ணாட்டி என்ன ஆகும்னு மொதல்ல இருந்து பிரிச்சுப் போட்டான். அப்பறம் பெரும்பகுதியைத் திரும்ப எழுதுனான். பேரு வாங்குனவனுக்கு இதைச் செய்யறது எத்தனை கஷ்டம்னு நெனைச்சுப் பாரு. அவன் பேரைப் போட்டாலே அச்சடிக்க ஆளு நிக்குது, ஒடைஞ்ச கதையையே குடுத்தாலும் வித்திருக்கும். அந்த ஏஞ்சலாவைத்தான் டிராகன் கதையில மூலிகைக்காரி ஏஞ்சலான்னு வெச்சிருக்கறான். சின்ன வயசுலயே தங்கச்சியைக் கதைக்குள்ள சேத்திக்கிட்டவனுக்கு, பின்னால அவ வந்து கதையை ஒடைக்கறப்பக் கோபம் வர்றது கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும். நீ உன்ற தங்கச்சியை எங்க வெச்சிருக்கறே? மூணாம் பாகத்துல பேய் புடிச்ச சமையக்காரியா. அவளுக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?

இத்தனைக்கும் டிராகனுக்கும் விண்வெளிக்கும் நடுவால இருக்கற எல்லையை அவனுக்கு முன்னால தாண்டுனவங்க இல்லாம இல்லை. ஆன் மெக்காஃப்ரின்னு ஒரு அம்மா 1967லயே டிராகனை விஞ்ஞானக் கதைக்குள்ள கொண்டாந்து பறக்க உட்டாங்க. ஜார்ஜ் மார்ட்டின் விஞ்ஞானக் கதையில இருந்து கெளம்பி டிராகனுக்குப் போனவரு, இன்னும் அங்க இருந்து திரும்பலே, முடிக்கவும் இல்லை. அவரைப் பத்தி ஆரும் கேக்காதீங்க.

அவன் திரும்ப எழுதுனதுக்குப் பலன் என்னன்னு கேப்பே. வாசகருக ஓட்டுப் போட்டுக் குடுக்கற குட்ரீட்ஸ் விருது, 2020ல விஞ்ஞானக் கதைப் பிரிவுல இதுக்குத்தான் கெடைச்சுது. அப்பறம் 2023 மே மாசம் 'ஃப்ராக்டல் நாய்ஸ்'னு இதே உலகத்துல இன்னொண்ணு போட்டான், கீரா கதைக்கு முந்தி நடக்கறது. ஆளே இல்லாத ஒரு கிரகம், அதுல 50 கிலோமீட்டர் அகலத்துல கச்சிதமா வட்டமா ஒரு குழி, அதை நோக்கி நாலு பேரு நடக்கறாங்க. அவ்வளவுதான் கதை. மொதோ பொஸ்தகத்துல பாதி பக்கம் கூட வராது. நடக்கறாங்க, சண்டை போட்டுக்கறாங்க, காத்து அடிக்குது, குழி சத்தம் போடுது. எனக்கு இது பெருசை உடப் புடிச்சுது. உன்ற தங்கச்சிக்குப் புடிக்கலே, பன்னி இல்லைங்கறா. அதே வருசம் நவம்பர்ல பையன் 'முர்டாக்'னு ஒண்ணு எழுதி டிராகன் கிட்டயே திரும்பப் போயிட்டான். போனா என்ன? கதவு ரெண்டு பக்கமும் தெறக்குதான்னு பாத்துட்டு வந்தவன்தானே.

அதனால நீ தாராளமா எழுது. 880 எழுது, ஆயிரம் எழுது. உங்கொப்பன் கிட்ட அச்சுக் கூலி கேக்கறப்ப மட்டும் நான் இங்க இருக்கறேன்னு சொல்லாதே. பருந்து வந்தா வெரட்டாதே, அதுக்கும் ஒரு பனிப்பெட்டி போட்டுக் குடு. கோழி ஒண்ணு சேத்திக்கோ.

நீ எழுதி வெச்ச விண்வெளிக் கதைக் கட்டை எடுத்துக்கிட்டுப் போ, உன்ற தங்கச்சி நேத்தே படிச்சு முடிச்சுட்டா. இன்னொண்ணும் சொல்லச் சொன்னா. உன்ற கதையில கப்பல் கேப்டனோட அப்பன் முந்நூறாம் பக்கத்துல நெப்டியூன் பக்கத்துல வெடிச்சுச் செத்துப் போனான்ல? நானூத்திப் பன்னெண்டுல மகன் கல்யாணத்துக்கு வந்து பந்தியில உக்காந்திருக்கறானாமா. பென்சில்ல வட்டம் போட்டு வெச்சிருக்கறா. பக்கத்துல எழுதியிருக்கறா, "இவருக்கு எலை போடலாமா வேண்டாமா"ன்னு.